எலி வளை நெல்

தஞ்சைச் சாப்பாடு என்றால் மாப்பிள்ளைச் சம்பா, டிகிரி காபி, தலைவாழை இலை என்று எழுதிவிடுகிறார்கள். நாற்று நட்ட கை என்ன தின்றது?

வரப்புப் பொந்தில் கைவிட்டுப் பிடித்த நண்டு. இடித்துச் சாறெடுத்து மிளகு தட்டிப் போட்டால் ரசம். வாய்க்காலில் பொறுக்கிய நத்தை. அறுப்பு முடிந்து வளையை வெட்டினால் எலியும் உண்டு, அது சேர்த்த நெல்லும் உண்டு. 'பண்ணை அளக்குற கருக்காய்க்கு எலி சேத்த நெல்லு மேலுடா' என்னும் எங்கள் ஆயா. சிரித்துக்கொண்டுதான் சொல்லும்.

அந்தக் கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டு, செங்கொடியையும் இறக்க மறுத்ததற்குத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள்.

1966க்குப் பிறகு ஐ.ஆர்.8 வந்தது, பூச்சிமருந்து வந்தது. நண்டும் நத்தையும் அருகிப்போயின. விளைச்சல் கணக்கு எழுதியவர்கள் இந்த நட்டத்தை எழுதவில்லை.

நெல் ஜெயராமன் 2018இல் மறையும்வரை பாரம்பரிய நெல்லைத் தேடித் தேடிச் சேர்த்தார். நல்ல காரியம், விதை பிழைத்தது. ஆனால் நெல் திருவிழாப் பந்தியில் நத்தைக் குழம்புக்கு இலை உண்டா? மாட்டுக்கறிக்கு?

மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஆயாக்களிடம் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.