இணையத்தளம்: நாமே செய்வதா, ஆள் பிடிப்பதா?

கடைக்கு வெப்சைட் போட நாமே முயல்வதா, ஆளிடம் கொடுப்பதா என்று புறக்கோட்டை வியாபாரிகள் சிலர் என்னிடம் கேட்கின்றனர். விலாசம், தொலைபேசி இலக்கம், நாலைந்து சாமான்களின் படம் போதுமென்றால் யாருக்கும் செய்கூலி கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஓ/எல் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளையே வேர்ட்பிரஸ், விக்ஸ் போன்றவற்றில் சில நாட்களில் செய்துவிடும். ஓடர் எடுத்து கார்டில் பணம் பெறுவதென்றால் கதை வேறு. அதற்குத் தொழில் தெரிந்தவர் வேண்டும்.

ஆனால் யார் செய்தாலும் டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நம்மவர்கள் ஏமாறுவது இதில்தான். செய்பவர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்துகொள்வார். பின்னர் மனஸ்தாபம் வந்தால் உங்கள் கடையின் பெயர்ப்பலகை அவர் கையில்! .எல்கே பெயரை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் நீங்களே பதியலாம். வருடாந்தக் கட்டணத்தை யார் கட்டுவது, பாஸ்வர்ட் யாரிடம் இருப்பது என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா 282ஆம் வசனம் பணிப்பதை அறிந்த நாம், "தெரிந்த பையன்தானே" என்று இதை மட்டும் வாய்ப்பேச்சில் விடுகிறோம். டொமைன் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.