வரி கட்டுறவன் யாரு?

“வரி கட்டுறவன் நான். கணக்குக் கேக்க நீ யாரு?” தாம்பரத்துச் சேரி ஆள் வாயைத் திறந்தால் இதுதான் பதில். பச்சைப் பொய். வாடகை வீட்டில் இருக்கிறவன் வீட்டுக்காரரின் சொத்து வரியையும் சேர்த்தேதான் வாடகை கொடுக்கிறான். 2022இல் தமிழகமெங்கும் சொத்து வரி ஏறியது. ஏறின பாரம் வாடகைக்காரன் தலையில் இறங்கியது. ரசீதில் மட்டும் அவன் பேர் இல்லை.

2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். மேயர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் நாற்காலி வந்தால் போதுமா? கணக்கு நோட்டு யார் கையில்?

2022 நவம்பர் 1இல் இதே மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே பகுதி சபைக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார். நல்லது. அந்தச் சபை நம்ம தெருவிலும் கூடணும். கூடினால் மனுவை நீட்டிவிட்டுத் திரும்பாதீர்கள் தோழர்களே, கேளுங்கள்: எங்க தெருவுக்குச் செலவு எவ்வளவு? பக்கத்து நகருக்கு எவ்வளவு? துப்புரவு ஒப்பந்தம் எத்தனை கோடி? அதில் பெருக்குறவங்க கைக்கு வந்தது எவ்வளவு?

ஊர்க் குப்பையை அள்ளுற கைக்கு ஊர்க் கணக்கைப் புரட்டவும் உரிமை உண்டு.