21 நிமிடங்களின் புகழும் மறக்கப்பட்ட பசியும்



ஆண்டுதோறும் ஜூலை 13 நெருங்கும்போது ஒரு காணொளி மீண்டும் வலம்வரத் தொடங்குகிறது. 1985-ஆம் ஆண்டு அதே நாளில் லண்டன் வெம்ப்ளி அரங்கில், எத்தியோப்பியப் பஞ்சத்திற்கு நிதி திரட்ட நடத்தப்பட்ட ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சியில், ‘குயின்’ என்னும் ராக் இசைக்குழு மேடையேறிய 21 நிமிடங்கள் அதில் உள்ளன. இவ்வாண்டு அதனை நமக்கு அனுப்பியவர், நம்மிடம் ஓதி முடித்து இப்போது வெளிநாட்டில் பணிபுரியும் ஒரு மாணவர். “உஸ்தாத், இதுவும் ஸதகாதானே?” என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியே இக்கட்டுரைக்குக் காரணம்.

அக்குழுவின் ரசிகர்கள் அந்நாளை நினைவுகூரும் விதத்தைக் கவனியுங்கள். பாடகர் ஃபிரெட்டி மெர்குரியின் வெள்ளைப் பனியனை நினைவுகூர்கிறார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே தாளத்தில் கைகளை உயர்த்தித் தட்டியதை நினைவுகூர்கிறார்கள். அவர் ஒரு சுரத்தை நீட்ட, அரங்கம் முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னதை இன்றும் சிலிர்ப்புடன் கூறுகிறார்கள். அங்கே நேரில் நின்றவர்கள் முதியவர்களாகிவிட்டனர். அன்று பிறந்திராதவர்களும் நேரில் கண்டவர்களைப் போலவே பேசுகிறார்கள். 2018-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்று அந்த மேடையை அச்சு அசலாக மீண்டும் கட்டி, அதையே தன் உச்சக்கட்டமாக வைத்தது. இவ்வளவு நினைவுகளில், யாருக்காக அந்த மேடை போடப்பட்டதோ அவர்களில் ஒருவருடைய முகமாவது இடம்பெறுகிறதா? நாம் தேடிப் பார்த்தோம். அரிதினும் அரிது.

அந்த முகங்களை உலகிற்குக் காட்டியவர் யார் என்பதும் மறக்கப்பட்டுவிட்டது. 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரம் என்னும் ஊரிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பிய செய்திதான் அனைத்திற்கும் தொடக்கம். செய்தியாளர் மைக்கேல் பியூர்க். படம் பிடித்தவர் கென்யாவைச் சேர்ந்த முஹம்மது அமீன். மக்காவின் ஹஜ் காட்சிகளைப் படமெடுத்து நூலாக வெளியிட்டவரும் அவரே. 1991-இல் அடிஸ் அபாபாவில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஒரு கையை இழந்த பின்னும் கேமராவைக் கைவிடவில்லை. 1996-இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமொரோ தீவுகளுக்கு அருகே கடலில் விழுந்தபோது இறந்தார். நம் பிள்ளைகளுக்கு ஃபிரெட்டி மெர்குரியைத் தெரிகிறது, இவரைத் தெரியவில்லை. இதில் ரசிகர்களை மட்டும் குறை கூறி என்ன பயன்?

எத்தியோப்பியா நமக்கு அயல் மண்ணும் அன்று. மக்காவில் துன்புறுத்தப்பட்ட நபித்தோழர்கள் முதன்முதலாக அடைக்கலம் தேடிச் சென்ற ஹபஷா அது. நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டிய நாடு அது. பஞ்சம் கடுமையாகத் தாக்கிய வொல்லோ பகுதி மக்களில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மழை பொய்த்தது ஒரு காரணம். உள்நாட்டுப் போரும் இராணுவ ஆட்சியும் மற்றொரு காரணம். மக்கள் மடிந்துகொண்டிருந்த 1984 செப்டம்பரில், அவ்வாட்சி தன் பத்தாம் ஆண்டு விழாவைப் பெரும் பொருட்செலவில் கொண்டாடியது.

இனிக் குயின் குழுவுக்கு வருவோம். கோரம் செய்தி ஒளிபரப்பான அதே அக்டோபர் மாதத்தில் அக்குழு எங்கே பாடிக்கொண்டிருந்தது? தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில். நிறவெறி அரசுக்கு எதிராக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருந்த கலாச்சாரப் புறக்கணிப்பைப் பொருட்படுத்தாமல் அங்கே சென்றது. அதற்காகப் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் அபராதமும் விதித்தது. ஒன்பது மாதங்கள் கழித்து, வெம்ப்ளியில் 21 நிமிடங்கள், அக்கறை கழுவப்பட்டுவிட்டது. கறுப்பின மக்களை ஒடுக்கிய நாட்டில் பாடியதை, கறுப்பின மக்களின் பசிக்காகப் பாடியது மறக்கடித்தது. அறமேடை எவ்வளவு எளிதில் சலவைக்கல்லாகி விடுகிறது பாருங்கள்! அக்குழுவினர் கூலி பெறாமல் பாடினர் என்பதை நாம் மறுக்கவில்லை. திரண்ட பணத்தில் உணவும் மருந்தும் போய்ச் சேர்ந்தன என்பதையும் மறுக்கவில்லை. உள்ளத்து நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. நாம் பேசுவது நினைவைப் பற்றி.

குயின் இறங்கிய மேடையில் அடுத்து ஏறியவர் டேவிட் போவி. அவர் தமக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஒரு பாடலை விட்டுக்கொடுத்தார். அந்த நேரத்தில் எத்தியோப்பியக் குழந்தைகளின் காட்சிகள் பெருந்திரையில் காட்டப்பட்டன. அக்காட்சிகளுக்குப் பின்னர் நன்கொடை பெருகியது. திரைப்படமோ, குயின் பாடத் தொடங்கியதும் தொலைபேசிகள் மணியடிப்பதாகக் கதையை மாற்றிவிட்டது. பாடியவர் நினைவில் நிற்கிறார்; பாடாமல் விட்டவர் செய்த வேலை இன்னொருவர் கணக்கில் எழுதப்படுகிறது.

மாணவருக்கு இப்போது விடை கூறலாம். இசைக்கருவிகள் பற்றி நம் இமாம்களில் பெரும்பாலோர் அளித்துள்ள தீர்ப்பை நாம் மறைக்கவில்லை. அதில் நமக்கு மாற்றுக் கருத்தும் இல்லை. ஆயினும் கருவிகளை அகற்றிவிட்டாலும் கேள்வி எஞ்சி நிற்கும். மனிதர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செலவிடுபவனின் தர்மத்தை, மண் படிந்த வழுக்குப் பாறைக்கு உவமை கூறுகிறது அல்பகரா அத்தியாயம். ஒரு மழையில் மண் போய்விடும், பாறை எஞ்சும். வெளிப்படையாகக் கொடுப்பதையும் அதே அத்தியாயம் நல்லதென்றே கூறுகிறது. மறைத்து ஏழைகளிடம் சேர்ப்பதை அதனினும் மேலானது என்கிறது. ஆகவே பிறரை ஊக்குவிக்கப் பலரறியக் கொடுப்பதற்கு இடமுண்டு. கொடுப்பவனே காட்சியாகி, பெறுபவன் மேடைப் பொருளாகிவிடுவதற்குத்தான் இடமில்லை. மதீனாவில் இரவுதோறும் முதுகில் ரொட்டி மூட்டை சுமந்து ஏழைகளின் வாசலில் வைத்தவர் இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்). அவர் இறந்து ரொட்டி வருவது நின்றபோதுதான் அவ்வீட்டார்க்கு ஆள் யாரெனத் தெரிந்தது. குளிப்பாட்டியவர்கள் முதுகில் தழும்பைக் கண்டனர்.

நம் மேடைப் பேச்சாளர்களையும் விட்டுவிட இயலாது. ‘ஷைத்தானின் கச்சேரி, திரட்டிய பணமெல்லாம் ஆயுதமாயிற்று’ என்று ஒரே மூச்சில் முழங்குகிறார்கள். அத்தகைய குற்றச்சாட்டை 2010-இல் பி.பி.சி. ஒளிபரப்பியது, ஆதாரம் போதாதென அதே ஆண்டில் அறக்கட்டளையிடம் மன்னிப்பும் கோரியது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்னும் ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை பிறரைப் பற்றிய செய்திக்குப் பொருந்தாதா? அவர்களுடைய கச்சேரியைச் சாடுகிறோம். நாமோ அநாதைகளின் கல்விக்கென்று பைத் குழுவை அழைத்து, ஒலிபெருக்கி வைத்து, நன்கொடையாளர் பெயர்களைத் தொகையுடன் வாசிக்கிறோம். மறுநாள் ஊரில் பேசப்படுவது அந்தச் சிறுவனின் குரலினிமை. எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை.

சென்ற ரமலானுக்கு முந்தைய ஆண்டு, ஷஅபான் இறுதியில் அரிசிப் பைகள் வழங்கப்பட்டன. படங்கள் அன்றிரவே ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவிற்கு வந்துவிட்டன. அடுத்த மூன்று நாட்கள் ஒரு சிறுமி மதரஸாவுக்கு வரவில்லை. விசாரித்தபோது, தாயார் பை வாங்கும் படத்தைப் பள்ளிக்கூடத்தில் உடன்படிக்கும் பிள்ளைகள் காட்டிச் சிரித்ததாகத் தெரிந்தது. அந்தப் படத்தில் பையின் மறுமுனையைப் பிடித்திருந்தது நம் கை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று அன்று நினைத்ததையும் மறைக்க விரும்பவில்லை.

படத்தை நீக்கச் சொன்னோம், நீக்கினார்கள். பலருடைய கைபேசிகளில் அது இன்னும் இருக்கும். சென்ற ரமலானில் பைகளை மளிகைக் கடை ஒன்றில் வைத்தோம். பெயர்ப்பட்டியல் இருவரிடம் மட்டும் இருந்தது. உரியவர்கள் மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே வந்து வாங்கிச் சென்றார்கள். நன்கொடை தந்தவர்களுக்கு வரவு செலவுக் கணக்கை எழுத்தில் கொடுத்தோம். அது போதாது, படம் வேண்டும் என்றார் ஒருவர். மறுத்தோம். அவர் தருவதாகச் சொல்லியிருந்த 40 பைகள் குறைந்தன. கடைக்காரரிடம் கடன் சொல்லி வாங்கினோம். அக்கடனில் பாதி இன்னும் நிலுவையில் இருக்கிறது.