பேனட் சூடு

புனே சிவாஜி நகரில் உள்ள வானிலைத் துறைக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் இன்றும் 'சிம்லா ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 1928ல் தலைமையகம் சிம்லாவிலிருந்து இங்கே குடிபெயர்ந்ததன் மிச்சம் அந்தப் பெயர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெயருக்கு ஏற்ற குளிரும் கொஞ்சம் வந்துவிடுகிறது. 1935 ஜனவரியில் வெப்பநிலை 1.7 டிகிரிக்கு இறங்கியது. அது சாதனை. மற்ற ஆண்டுகளில் குளிர் முற்றிய இரவென்றால் எட்டு, ஒன்பது டிகிரி. ஸ்வெட்டர் அணிந்து காலை நடை போகிறவர்களுக்கு இது இதமான பருவம். பலகைக் கேபினில் ஒரு போர்வையோடு படுத்திருக்கும் லாரி டிரைவருக்கு அப்படியல்ல.

சாகணில் ஒரு தொழிற்சாலை வாசலில் இரவு இரண்டு மணிக்கு லாரிகள் வரிசை கட்டி நின்றன. நம்பர் பிளேட்டுகளில் டி.என். 28, 34, 52 என்று நம் ஊர் எண்கள்: நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. பாதி வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன, எங்கும் போகாமல். பீடி பற்ற வைக்க இறங்கிய ஒரு டிரைவரிடம் காரணம் கேட்டேன்.

"காலையில கேட் திறந்ததும் கூப்பிடுவான் சார். அப்ப செல்ஃப் எடுக்கலேன்னா வரிசை போயிடும். பேட்டரி வேற பழசு."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்: "பேனட் சூடா இருந்தா முதுகுக்கு நல்லா இருக்கும்."

இரண்டாவது காரணம்தான் நிஜமானது என்று எனக்குத் தோன்றியது. நம் பழைய லாரிகளில் எஞ்சின் கேபினுக்கு உள்ளேயே, டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் ஒரு பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். மே மாதத்தில் அது அடுப்பு. ஜனவரியில் அதுவே கணப்பு. ஹீட்டர் என்ற பொருளையே அறியாத கேபின்கள் இவை. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் மரமும் தகடும் வைத்துக் கூண்டு கட்டுவார்கள். பார்க்க அழகு. இடுக்குகளில் காற்று புகுவதை யாரும் தடுப்பதில்லை.

முதல் காரணத்தில் எவ்வளவு உண்மை? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, அந்த அழுத்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்க வேண்டும். கடுங்குளிரில் இரும்பு அந்தச் சூட்டைத் திருடிக்கொள்ளும், எண்ணெய் கெட்டிப்படும், பேட்டரி தளரும். ஆனால் இதெல்லாம் லடாக்கின் சங்கதி. அங்கே டீசலே உறைந்து மெழுகாகிவிடும். டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலந்தார்கள், டாங்குக்கு அடியில் தீ மூட்டினார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை இளகி நிற்கும் குளிர்கால டீசலை அங்கே விற்கத் தொடங்கியது. புனேயின் எட்டு டிகிரியில், பேட்டரி சரியாக இருந்தால், எந்த டீசல் எஞ்சினும் முரண்டு பிடிக்காமல் கிளம்பும். பல நூறு கிலோ இரும்பு அணைத்த பிறகும் சில மணி நேரம் சூட்டை வைத்திருக்கும். ஆப்பிள் ஏற்றப் போன காஷ்மீரத்தில் கற்ற பழக்கத்தை டிரைவர்கள் சாகணுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

பழக்கத்துக்கு விலை உண்டு. சும்மா ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குடிக்கும். ஏழு மணி நேரத்தில் ஏறக்குறைய பத்து லிட்டர். லிட்டர் 90 ரூபாயை ஒட்டி விற்கும்போது ஓர் இரவின் சூட்டுக்கு 900 ரூபாய். லோடு வண்டிக்கு அது நாற்பது கிலோமீட்டர் ஓட்டம். மைலேஜ் குறைந்தால் முதலாளி கணக்குக் கேட்பார். டிரைவரின் படியில் கை வைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். சும்மா ஓடும்போது எஞ்சின் சரியாகச் சூடேறுவதில்லை. அரைகுறையாக எரிந்த டீசல் எண்ணெயில் கலந்து அதை நீர்க்க வைக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வேறு சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது.

எஞ்சினை விடுங்கள். வரிசையில் நெருங்கி நிற்கும் லாரிகளில், முன்வண்டியின் புகை பின்வண்டியில் தூங்குகிறவரின் நெஞ்சுக்குள் போகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் தீர்ப்பே எழுதிவிட்டது. அதற்காக எஞ்சினை அணைத்துவிட்டு மூடிய கேபினுக்குள் கரி அடுப்பு வைப்பது இன்னும் மோசம். வடக்கே அப்படித் தூங்கிக் காலையில் எழாதவர்களைப் பற்றிய செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது.

இரவு தங்கும் இடங்களில் ஓய்வறை இருக்க வேண்டும் என்று 1961லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கு. ஒற்றை லாரி முதலாளிகள் நிறைந்த தொழிலில் அது யாருக்குப் பொருந்தியது? வேடிக்கை என்னவென்றால், இது எஞ்சின் ஊர். டெல்கோ, கிர்லோஸ்கர் கம்மின்ஸ் எல்லாம் அறுபதுகளிலேயே வந்துவிட்டன. வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ.யும் 1966லிருந்து இங்கேதான்.

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. நல்ல விதி, தாமதமாக வந்தாலும். ஆனால் அந்த ஏ.சி. எஞ்சின் ஓடினால்தான் ஓடும். ஆக, ஏப்ரல் இரவிலும் இனி லாரிகள் உறுமும். குளிர்நாட்டு லாரிகளில் மணிக்குக் கால் லிட்டர்கூடக் குடிக்காத தனி டீசல் ஹீட்டர் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓட விட்டால் அபராதம். அபராதத்தை மட்டும் இங்கே இறக்குமதி செய்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

ஐந்தரை மணிக்குக் கேட் திறந்தது. இரவெல்லாம் அணைத்து வைத்திருந்த பக்கத்து வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. அதன் டிரைவர் இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிச் செருகி எடுத்து, விரல் மடங்கிய பிறகுதான் கியரைப் போட்டார்.