செண்பகத்தைத் தொட்டியில் வையுங்கள், வயலில் வேண்டாம்

சிதம்பரம் வட்டாரத்தில் பூச்செடி என்றால் மல்லிகை, முல்லை, கனகாம்பரம்தான். செண்பகம் என்றால் "அது மலைப்பக்கத்து மரமாயிற்றே, நம் ஊர் தண்ணீருக்கு நிற்குமா?" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களே வெள்ளிக்கிழமை மாலையில் கீழவீதியில் ஒரு வாழை இலைத் துண்டில் நாலு செண்பகப் பூவைக் கண்டால் நின்று விலை கேட்காமல் போவதில்லை.

அண்மைக் காலமாக ஊர் ஊராகக் கன்று ஏற்றி வரும் வண்டிகளில் செண்பகக் கன்றும் வருகிறது. வாங்குவோரிடம் இரண்டு விதமாகச் சொல்லி விற்கிறார்கள். தாய்மார்களிடம் "தொட்டியில் வையுங்கள், ஆறே மாதத்தில் பூக்கும்" என்கிறார்கள். நிலம் வைத்திருப்பவர்களிடம் "அரை ஏக்கரில் நடுங்கள், நெல்லைவிடப் பல மடங்கு கிடைக்கும்" என்கிறார்கள். முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதை நம்பிச் சிறு விவசாயி யாரும் பணத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கொல்லையில் என் தாயார் வைத்த செண்பக மரம் ஒன்று இருந்தது. விதைக் கன்று. வைத்து ஒன்பதாம் ஆண்டில்தான் முதல் பூவைப் பார்த்தோம். அதன் பிறகு 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூரை அடித்தபோது நடுக்கிளை முறிந்தது. முறிந்த இடத்திலிருந்து மறுபடி துளிர்த்து, நாங்களே எதிர்பாராத அளவுக்குப் பூத்தது. ஆனால் 2015 நவம்பர் மழையில் கொல்லையில் பதினொரு நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வாரம் மரம் பச்சையாகத்தான் இருந்தது. பிறகு இலைகள் தொங்கின, நிறம் மாறின, உதிராமல் கிளையிலேயே காய்ந்தன. தை மாதத்தில் தோண்டிப் பார்த்தேன். வேர் கறுத்து, கையில் எடுத்தால் தோல் கழன்று வந்தது, அழுகல் வாடை. புயலுக்குத் தப்பிய மரம் நின்ற தண்ணீருக்குத் தப்பவில்லை.

காரணம் எளிது. செண்பகத்தின் வேர் தடித்த, சதைப்பற்றுள்ள வேர். ஈரம் வேண்டும், ஆனால் காற்றும் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் மழை எவ்வளவு பெய்தாலும் ஓடிவிடுகிறது. மண் புளிப்புத் தன்மையோடும் மக்கிய இலையோடும் இருக்கிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் வரப்பு வரைக்கும் தண்ணீர். கிள்ளை, பரங்கிப்பேட்டை ஓரத்தில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. நெல்லுக்கு ஏற்ற மண் செண்பகத்துக்குப் பகை. கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் வீட்டோரம் ஒரு மரம் தாராளமாக நடலாம், அதைத் தடுக்கவில்லை. கொள்ளிடக் கரையிலோ, வல்லம்படுகை போன்ற பூ பயிரிடும் ஊர்களிலோ அதையே செய்தால் வெள்ளம் வரும் ஆண்டில் மரம் போய்விடும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது கரையோரத்து ஊர்கள் பட்ட பாட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால்தான் தொட்டி. 2016இல் நான் இரண்டு கன்று வாங்கித் தொட்டியில் வைத்தபோது எதிர்வீட்டு ஆயா, "ஏன் தம்பி, மரத்தப் போயி சட்டியில வளக்கிறியே, நாளைக்கு ஆனையக் கொண்டாந்து கூண்டுல அடைப்பியா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். காட்டில் நூறு அடிக்கு வளரும் மரம் இது. இலங்கையின் மலைநாட்டில் இதைப் பூவுக்காக அல்ல, பலகைக்காகவே வளர்க்கிறார்கள். ஆனால் வேருக்கு இடத்தைக் குறைத்தால் மரமும் தன் உயரத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஒட்டுக்கன்றாக இருந்தால் ஆள் உயரத்திலேயே பூக்கிறது. ஆயா இப்போது வாரம் இரண்டு பூ வாங்கிப் போகிறார். யானையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒட்டுக்கன்றாக இருந்தால் என்று சொன்னேன் அல்லவா, ஏமாற்றம் நடப்பது அங்கேதான். விதைக் கன்று பூக்க ஆறு, எட்டு, சில நேரம் பத்தாண்டு ஆகும். பூத்த மரத்தின் கிளையை எடுத்து ஒட்டிய கன்று ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள் பூத்துவிடும். நான் வாங்கிய இரண்டையும் ஒட்டு என்று சொல்லித்தான் விற்றார்கள், ஒரே விலைதான் வாங்கினார்கள். ஒன்று அடுத்த ஆண்டு சித்திரையில் மொட்டு விட்டது. மற்றது ஏழாண்டு தண்ணீரும் எருவும் தின்றதே ஒழிய, பூ கொடுக்கவில்லை. பிறகுதான் குனிந்து பார்த்தேன். அடித்தண்டில் ஒட்டின தழும்பே இல்லை. விற்றவர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. கன்று வாங்கும் நாளில் குனியாமல், ஏழாண்டு கழித்துக் குனிந்தது என் தவறுதான்.

ஆகவே வாங்கும்போது மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தண்டைத் தடவிப் பாருங்கள். புடைப்போ, சாய்வான தழும்போ, தண்டின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் பட்டையின் நிறத்தில் வேறுபாடோ இருக்க வேண்டும். தழும்புக்குக் கீழே துளிர் இருந்தால் கிள்ளிவிடுங்கள். அதை வளரவிட்டால் மேலே உள்ள ஒட்டுக் கிளை நாளடைவில் நலிந்துவிடும். வெள்ளைச் செண்பகம் கேட்டால் இன்னும் கவனம் தேவை. அது பெரும்பாலும் விதை பிடிக்காத கலப்பினம். பதியனிலோ ஒட்டிலோதான் வரும். "வெள்ளைச் செண்பக விதை" என்று யாராவது பொட்டலம் கொடுத்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

பெயரிலும் குழப்பம் உண்டு. வடநாட்டில் சம்பா என்றால் பல பூக்களைக் குறிக்கும். நம் பக்கத்தில் சம்பா என்றால் நெல், அதனால் நமக்குக் குழப்பம் குறைவு. ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வரும் கன்றுகளில் சம்பா என்ற சீட்டோடு, ஒடித்தால் பால் வடியும் பெருங்கள்ளி இனத்துச் செடியும் வருகிறது. அதுவும் மணமான பூதான், கோயில் நந்தவனத்தில் இருப்பதுதான். ஆனால் செண்பகம் அன்று. இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேக்னோலியா என்ற பெயரில் வருவதும் வேறு மரமாக இருக்கலாம். பிரெஞ்சு நாட்டில் மோன்பெலியே நகரில் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாஞ்ஞோல் என்ற தாவர அறிஞரின் பெயரை வைத்து அந்தக் குடும்பத்துக்கு மேக்னோலியா என்று பெயரிட்டார்கள். நம் செண்பகத்தை நெடுங்காலம் மைக்கேலியா என்று தனியே எழுதிவந்து, இப்போது மேக்னோலியாவிலேயே சேர்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் பெரிய வெள்ளைப் பூ மேக்னோலியா இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. குளிர்ந்த ஊருக்கு அது சரி. கடலூர் வெயிலில் அதை வாங்கி வைத்துப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆண்டுக்கு ஒரு அடி அகலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் சின்னக் கன்றை வைத்தால் வேர் எட்டாத மண் ஈரத்திலேயே கிடந்து புளித்துப்போகும். இரண்டாம் ஆண்டில் ஒன்றரை அடிக்கும், பிறகு இருநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்கே அறுத்த பாதிக்கும் மாற்றலாம். அடியில் கட்டைவிரல் பருமனில் ஐந்தாறு ஓட்டை அவசியம். ஓட்டின் மேல் உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு விரல் கனத்துக்குச் செங்கல் துண்டு பரப்புங்கள். மண் கலவையில்தான் பலர் தவறுகிறார்கள். வயல் மண் வீட்டு வாசலில் இலவசமாகக் கிடைக்கிறது என்று அதையே அள்ளிப் போடுகிறார்கள். அது தொட்டிக்குள் செங்கல் போல இறுகிவிடும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமும் இலைமக்கும் சேர்ந்து ஒரு பங்கு, கூடவே இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. பண்ருட்டிப் பக்கம் உறவினர் இருந்தால் வரும்போது இரண்டு சாக்குச் செம்மண் கொண்டுவரச் சொல்லுங்கள். பலாப்பழம் கொண்டுவருகிறவர்கள் மண்ணும் கொண்டுவருவார்கள்.

பாதி டிரம் மண் நிறைந்தால் நாலு பேர் சேர்ந்தாலும் எளிதில் அசையாது. வெள்ளம் வரும்போது தூக்கித் திண்ணையில் வைக்கலாம் என்று எண்ணாதீர்கள். முதல் நாளே இரண்டடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். காலை வெயில் முழுவதும் படட்டும். அக்னி நட்சத்திரத்தில் பிற்பகல் வெயிலுக்கு ஒரு தென்னங்கீற்று மறைப்பு போதும்.

தண்ணீர் மேல்மண் காய்ந்த பிறகுதான். கடலோர ஊர்களில் குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலையின் ஓரம் தீய்ந்தது போலக் காய்ந்துவரும். அங்கே வாய்க்கால் நீரோ, பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுவது நலம். இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் ஆனால் அது இரும்புச் சத்துக் குறை. ஒரு லிட்டர் நீரில் ஐந்து கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலை வேளையில் இலையில் தெளியுங்கள். நோய் என்று எண்ணி யூரியாவை அள்ளிப் போட்டு வேரைக் கருக்கியவர்களை நான் அறிவேன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் போதும். பூப்பு ஓய்ந்ததும் நீண்ட கிளைகளை ஒரு முழம் வெட்டிவிட்டால் புதுக் கிளை வரும். பூ இலைக்கக்கத்தில் வருவதால் கிளை கூடினால் பூவும் கூடும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றும்போது வேரின் வெளிச்சுற்றை மட்டும் லேசாகச் சீவுங்கள். மல்லிகையைப் போல வேரை ஒட்ட வெட்டினால் இது பொறுக்காது.

செண்பகத்தில் வண்டு மொய்க்காது என்று நம் புலவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன வண்டு தேன் குடிக்கும் வண்டு. மேக்னோலியாக் குடும்பம் தேனீக்கள் தோன்றும் முன்பே பூத்த பழங்குடும்பம் என்றும், ஓடு போர்த்த சிறுவண்டுகளே அதற்கு மகரந்தம் சேர்க்கும் என்றும் தாவர நூலார் சொல்கிறார்கள். பூவுக்குள் அத்தகைய சிறுவண்டைக் கண்டால் மருந்து அடிக்க ஓட வேண்டாம்.

இனி அரை ஏக்கர் கதை. செண்பகப் பூ விடியலில் பறித்தால் மாலைக்குள் நிறம் மங்கிவிடும். மல்லிகையைப் போல மொட்டாகப் பறித்து வெளியூர் மார்க்கெட்டுக்கு மூட்டை கட்ட முடியாது. உள்ளூரில் எண்ணி விற்கிற பூ. நாலு பேர் கொண்டுவந்தால் நல்ல விலை, நாற்பது பேர் கொண்டுவந்தால் கேட்பாரில்லை. நிலத்தில் வளர்ந்த மரத்தில் பூ உச்சியில் இருக்கும், பறிக்க ஏணியும் ஆளும் வேண்டும், கூலி பூவைத் தின்றுவிடும். இத்தனைக்கும் மேல், ஒட்டு என்று நம்பி வாங்கிய கன்றில் பாதி விதைக் கன்றாக இருந்தால் எட்டாண்டு அந்த நிலம் எதுவும் தராது. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு எட்டாண்டு வட்டி நிற்காது.

பணம் பார்க்க வேண்டுமானால் பூவில் அல்ல, கன்றில் பாருங்கள் என்பேன். இதற்கான கைத்திறன் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்தில் முந்திரிக்கு மென்தண்டு ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆண்களும் பெண்களும் நிறைய. தானே புயலில் முந்திரியும் பலாவும் சாய்ந்த பிறகு மறுநடவுக்கு ஒட்டுக்கன்று கட்டிப் பழகிய கைகள் அவை. அதே ஒட்டைச் செண்பகத்துக்கும் கட்டலாம். காய் வெடித்துச் சிவந்த சதையோடு விதை தெரியும்போதே எடுத்து, ஒரு நாள் நீரில் ஊற வைத்து, மணலோடு தேய்த்துச் சதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும். உலர்த்தி வைத்தால் முளைப்பு போய்விடும். எறும்புக்குச் சாம்பல் தூவுங்கள். முளைக்கப் பல வாரம் ஆகும். பென்சில் கனம் வந்ததும் பூக்கிற மரத்துக் குச்சியை ஒட்டலாம். நிலமே இல்லாத குடும்பமும் ஒரு கீற்றுப் பந்தலுக்கடியில் நூறு பையில் இதைச் செய்யலாம்.

தடையாக இருப்பது ஒன்றுதான்: நம்பிக்கையான தாய்மரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் புலம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்தில் முந்திரிக்கு வழிகாட்டிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நன்றாகப் பூக்கும் பத்துத் தாய்மரங்களை மேட்டு நிலத்தில் வளர்த்து, ஒட்டுக் குச்சியைக் கிரய விலைக்குக் கொடுத்து, தை மாதத்தில் இரண்டு நாள் பயிற்சியும் வைத்தால் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. தோட்டக்கலைத் துறையின் பண்ணைகளில் கன்றின் பையில் "ஒட்டு", "விதை" என்று எழுதி விற்கும் வழக்கம் வந்தால், வண்டியில் வருகிறவர்களிடமும் நம் மக்கள் அதைக் கேட்கத் தொடங்குவார்கள்.

பூக்காத அந்த விதைக் கன்றை நான் வெட்டிப் போடவில்லை. சென்ற ஆண்டு முந்திரி ஒட்டுக் கட்டும் பெண்மணி ஒருவர் வந்து, பூக்கும் தொட்டியிலிருந்து குச்சி எடுத்து அதன் மூன்று கிளையில் ஒட்டினார். ஒன்று காய்ந்தது. இரண்டு பிடித்திருக்கின்றன.