பாக்கினால் மூடும் வாய்

இலங்கையில் ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். முற்றுவதற்கு முன்பே கண்ணால் பார்த்து அறியக்கூடிய ஒரு நோய்க்கு இன்னமும் உயிர்கள் பலியாவது வேதனைக்குரியதாகும். வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம் வேரூன்றியுள்ள கிழக்கு மாகாணத்தில் இது குறித்து விசேட கவனம் செலுத்தப்பட வேண்டும்.

வாயின் உட்சவ்வுக்கு அடியிலுள்ள திசு நார் நாராகத் தடித்து இறுகும் நோய், புற்றுநோய்க்கு முன்னோடியான நிலைகளுள் ஒன்று. இதன் பிரதான காரணி பாக்கு. உறைப்பான கறி பட்டதும் வாய் எரிவது ஆரம்ப அறிகுறியாகும். மேல்வாயின் பிற்பகுதியான மென் அண்ணத்தில் நோயின் தடயம் தெளிவாகத் தெரியும். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய அப்பகுதி பளிங்கு போல் வெளிறி இறுகுகின்றது, உண்ணாக்கு சுருங்குகின்றது. நாளடைவில் விழுங்குவது சிரமமாகி, பேச்சு மூக்கால் ஒலிக்கத் தொடங்குகின்றது. வாய் திறக்கும் அளவும் குறைந்து, ஒரு பிடி சோற்றை வைப்பதே பெரும்பாடாகிவிடுகின்றது. இறுகிய திசு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. கேரளத்தில் இந்நோயுள்ள 66 பேரை 17 ஆண்டுகள் கண்காணித்தபோது, ஐவருக்குப் புற்றுநோய் ஏற்பட்டமை 1985 இல் வெளியான ஆய்வில் பதிவாகியுள்ளது.

புகையிலை சேர்க்காவிட்டால் தீங்கில்லை என்ற நம்பிக்கை நம்மவரிடையே ஆழமாக உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இலேயே பாக்கு தனியாகவும் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு செய்துவிட்டது. மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையை இலங்கை 2016 இல் தடை செய்தது. ஆயினும் தமிழர் வீட்டு வெற்றிலைத் தட்டத்திலும் முஸ்லிம் வீட்டு வட்டாவிலும் பாக்கு மரியாதையின் சின்னமாகவே தொடர்கின்றது.

சம்பூர் மக்கள் 2006 இல் யுத்தத்தினால் இடம்பெயர்ந்து, ஏறத்தாழ பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் அல்லலுற்று, 2015 முதல் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர்கள். அவர்களும் அயலிலுள்ள மூதூர் முஸ்லிம் மக்களும் கடலையும் வயலையும் நம்பி வாழ்பவர்கள். களைப்பையும் பசியையும் மறக்கப் பாக்கை மெல்லும் தொழிலாளிக்கு, வைத்தியசாலைக்குச் செல்லும் நாள் கூலியை இழக்கும் நாளாகும். ஆகவே வாய் எரிவைப் பொறுத்துக்கொண்டு, வாய் திறக்க முடியாத நிலையில் வைத்தியரை நாடுவோரைக் குறை கூறுவதில் பயனில்லை. பரிசோதனையே அவர்களைத் தேடிச் செல்ல வேண்டும்.

இது சாத்தியமற்ற கோரிக்கையன்று. 1980 களின் முற்பகுதியில் மத்திய மாகாணத்தில் குறுகிய பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,000 க்கும் அதிகமானோரின் வாயைப் பரிசோதித்தனர். ஆனால் மேற்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேரே சென்றனர். கண்டுபிடிப்பதுடன் கடமை முடிந்துவிடாது என்பதே இதன் பாடம்.

எனவே குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் இப்பயிற்சியை வழங்கி, சம்பூர், மூதூர் கிராமங்களில் ஒழுங்கான வாய்ப் பரிசோதனையை மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆரம்பிக்க வேண்டும். நோய் அறியப்பட்டவர்களுக்குப் போக்குவரத்து வசதியும் செய்து கொடுக்கப்பட வேண்டும். கோயில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் பாக்கின் தீங்கை எடுத்துரைக்க வேண்டும். மென் அண்ணத்தைப் பார்ப்பதற்கு ஒரு கைவிளக்கும் ஓரிரு நிமிடங்களுமே தேவை. அதைக்கூடச் செய்யாமல் உயிர்களை இழப்பது மன்னிக்க முடியாத அலட்சியமாகும்.