விண்வெளிப் படிப்பும் நம் தீவுப் பிள்ளைகளும்



கார் நிக்கோபாரில் பல்லாண்டாகப் பணிபுரியும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மிடம் தம் மனக்கவலையைச் சொன்னார். அவருடைய மூத்த மகள், நாம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பட்டம் பெற்றபின் விண்வெளி அமைப்புப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் பெற வேண்டும் என்பது அவள் விருப்பம். "ஐயா, பெண்ணை இன்னும் இரண்டாண்டு கடல் கடந்து விடுவதா? இங்கேயே ஓர் எழுத்தர் தேர்வு எழுதினால் ஆகாதா? இத்தீவில் வளர்ந்த பிள்ளைக்கு விண்ணில் என்ன வேலை?" என்று அவர் கேட்டார்.

அவர் கவலை நம்மில் பலருக்கும் உரியது. ஆகவே இத்திங்கள் அதனையே எடுத்துக்கொண்டோம்.

முதலில், விண்ணுக்கும் இத்தீவுக்கும் உள்ள தொடர்பைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். சென்னையிலிருந்து கடலடி வடம் வந்து சேர்ந்து, அது 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்பு நாம் ஊருக்குப் பேசிய பேச்செல்லாம் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கியே சென்றது. அம்மாவின் மறுமொழி ஒரு கணம் தயங்கி வந்ததை நம்மில் யார் மறந்தோம்? 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவை அழித்ததையும் நாம் மறக்கவில்லை. 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கிவரும் எச்சரிக்கை மையம், ஆழ்கடற் கருவிகள் தரும் செய்தியைச் செயற்கைக்கோள் வழியாகவே பெறுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகளின் போக்கைக் கண்காணிக்கும் இஸ்ரோ நிலையங்களுள் ஒன்றும் ஸ்ரீ விஜயபுரத்திலேயே இருக்கின்றது. ஆகவே, விண்ணில் நமக்கு வேலை இல்லை என்பது பொருந்தாது.

இனி, இப்படிப்பு யாது என்று பார்ப்போம். செயற்கைக்கோள் ஒன்றில் சூரிய மின்தகடு, மின்கலம், செய்தி அனுப்பும் கருவி, திசை காக்கும் சக்கரம், கணினி, எரிபொருள் எனப் பல உறுப்புகள் உண்டு. ஒளிப்படக் கருவியைப் பெரிதாக்கினால் மின்சாரம் மிகுதியாக வேண்டும். அதற்காக மின்தகட்டைப் பெரிதாக்கினால் எடை கூடும். எடை கூடினால் ராக்கெட்டின் ஆற்றல் போதாது. இவ்வாறு ஒன்றையொன்று இழுக்கும் உறுப்புகளை இசைவித்து முழுக் கலமாக்குவதே அமைப்புப் பொறியியல். நிக்கோபாரி மக்கள் ஹோடி செய்வதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குடைந்த மரம், பக்கத்தில் மிதக்கும் துணைமரம், இரண்டையும் இணைக்கும் கழிகள் ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று பொருந்தினாலன்றி ஹோடி அலையில் நில்லாது.

இக்கலையின் அருமையை நாடே கண்டது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலம் நிலவில் விழுந்து அழிந்தது. பொறியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. எங்கெங்கே தவறக்கூடும் என்று ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகம் அளக்கும் லேசர் கருவி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள், 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்கு களத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமும் உடையதாக விரித்தார்கள். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இனிது இறங்கிற்று.

அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். ரயில்வேத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகன். அவர் முதலில் படித்தது டிப்ளமோ. அதன் பின்னரே பொறியியற் பட்டமும், திருச்சி என்.ஐ.டி.யில் முதுநிலையும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டமும் பெற்றார். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக விளங்கிய நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்த பெண்மணி. திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியில் பயின்று, ராஞ்சியை அடுத்த மெஸ்ராவில் மின்னணுவியலில் முதுநிலை முடித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். செங்கோட்டைப் பெண்ணுக்கு ராஞ்சி அந்நாளில் அண்டை ஊரன்று. இருவருமே "விண்வெளி" என்ற பெயருள்ள படிப்பில் தொடங்கியவர்களல்லர் என்பதையும் பெற்றோர் கருத வேண்டும். மின்னணுவியல், இயந்திரவியல், கணினி ஆகிய எந்தக் கதவின் வழியாகவும் இவ்வீட்டிற்குள் புகலாம்.

வழியையும் சொல்லிவிடுகிறோம். முதுநிலைச் சேர்க்கைக்குரிய பொதுவழி கேட் தேர்வு. பொறியியல் மூன்றாம் ஆண்டிலேயே அதனை எழுதலாம். பெறும் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். திருவனந்தபுரத்தில் 2007இல் விண்வெளித் துறையே நிறுவிய ஐ.ஐ.எஸ்.டி., பெங்களூர் இந்திய அறிவியற் கழகம், சென்னை ஐ.ஐ.டி. முதலியன விண்வெளி சார்ந்த முதுநிலைக் கல்வி தருகின்றன. கேட் வழியே முழுநேர முதுநிலையில் சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தரும் ஏற்பாடும் உண்டு. சிக்கனமாக வாழும் மாணவிக்கு அது பெருந்துணை.

மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. முதுநிலைப் பட்டம் இஸ்ரோ வேலைக்கு உறுதிச்சீட்டன்று. அங்கே பெரும்பாலான பொறியாளர் பதவிகளுக்கு இளநிலைப் பட்டமும் நல்ல மதிப்பெண்ணுமே தகுதி. போட்டியோ மிகக் கடுமை. எனினும் 2020க்குப் பின் இத்துறை தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று தன் சோதனை ராக்கெட்டை ஏவியது. மேலும், பல உறுப்புகளை ஒன்றாக இசைவிக்கக் கற்றவருக்கு விமானம், கப்பல், மின்துறை எனப் பிற வாயில்களும் உண்டு.

அன்பருக்கு நாம் சொன்னது இதுதான்: "ஐயா, முடிவை இன்றே செய்யாதீர்கள். மகள் தேர்வை எழுதட்டும். எழுத்தர் தேர்வையும் எழுதட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மதிப்பெண் வந்தபின் எக்கல்லூரி, எப்பிரிவு, விடுதிச் செலவு எவ்வளவு என்று அவளையே கணக்கிட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். அச்சம் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்காதீர்கள்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், "நான் இத்தீவுக்குக் கப்பலேறிய நாளில் என் தாயும் இதே கேள்வியைத்தான் கேட்டாள்" என்றார்.

நம்மில் கடல் கடவாதவர் யார்? பிழைப்புக்காக நாம் கடந்தோம். கல்விக்காக நம் மக்கள் கடப்பதைத் தடுக்க நமக்கு உரிமை ஏது?